தோல்விகள் திருத்திய சிகிச்சை

மருத்துவக் கருவிகளின் வரலாறு – 17

சென்ற இதழில் சிறுநீரகக் கல்லோடு நிறுத்தியிருந்தோம். அதிவேக விமானங்களின் மேற்பரப்பை மழைத்துளிகள் ஏன் அரிக்கின்றன என்று ஆராயப் புகுந்த டோர்னியர் நிறுவனப் பொறியாளர்கள், ஜெர்மனியின் ஃப்ரீட்ரிஷ்ஹாஃபன் நகரில் அதிர்வலைகளின் இயல்பைப் படித்தார்கள். 1971இல் ஹொய்ஸ்லர், கீஃபர் இருவரும் உடலிலிருந்து எடுத்த சிறுநீரகக் கல்லைத் தொடாமலேயே அலையால் உடைத்துக் காட்டினார்கள். 1980 பிப்ரவரி 7 அன்று கிறிஸ்டியான் ஷௌசி உள்ளிட்ட மியூனிக் மருத்துவர்கள் முதல் நோயாளிக்கு அந்தச் சிகிச்சையை அளித்தார்கள். கத்தி படாமல் கல் பொடியானது. முன்பு இருந்த கல் பிறகு இல்லை என்பதை எக்ஸ்ரே காட்டியதால், அந்த வெற்றியைப் பற்றிப் பெரிய சச்சரவு எழவில்லை. இந்த இதழில் அதே அலை குதிகாலுக்கும் முழங்கைக்கும் தோளுக்கும் வந்த கதையைப் பார்க்கப் போகிறோம். இங்கே நிலைமை நேர்மாறானது. வலிக்கும் தசைநாணில் உடைப்பதற்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. வலி குறைந்ததா என்பதை எக்ஸ்ரே சொல்லாது. நோயாளிதான் சொல்ல வேண்டும். இந்தக் களத்தில் அதிர்வலை முதலில் புகழ் பெற்றது, பிறகு பெரிய ஆய்வுகளில் தோற்றது, தோற்ற பிறகுதான் தன்னைத் திருத்திக்கொண்டது. இன்று அதற்கு மருத்துவத்தில் நியாயமான ஓர் இடம் இருக்கிறது என்றால், அதைப் பெற்றுத் தந்ததில் வெற்றிக் கதைகளைவிடத் தோற்ற ஆய்வுகளுக்கே பெரிய பங்கு உண்டு. என் வாதம் இதுதான். சான்றுகளோடு அதை நிறுவ முயல்கிறேன்.

அலை முதலில் எலும்புக்கு வந்தது, அதுவும் பாதுகாப்பைச் சோதித்த வழியில். சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதியில் சிக்கிய கல்லைக் குறிவைக்கும்போது அலை இடுப்பெலும்பைக் கடக்க நேரிடுகிறது. அதனால் எலும்புக்குக் கேடு வருமா என்று 1980களில் ஜெர்மன் ஆய்வாளர்கள் விலங்குகளில் பார்த்தார்கள். அவர்கள் கண்டதோ வேறு: அலை பட்ட இடத்தில் புது எலும்பை உண்டாக்கும் செல்கள் தூண்டப்பட்டிருந்தன. ஜெரால்ட் ஹௌப்ட்டின் குழு எலிகளின் முறிந்த எலும்பில் இதைச் சோதித்து 1992இல் வெளியிட்டது. அதற்கு ஓராண்டு முன்பே பல்கேரியாவின் வால்சானோவ், மிகைலோவ் இருவரும் மனிதர்களிடம் கண்டதை எழுதிவிட்டார்கள். முறிந்து நெடுநாளாகியும் கூடாத எலும்போடு வந்த 82 பேரில் 70 பேருக்கு அலைக்குப் பிறகு எலும்பு கூடியது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை என்பது உண்மையான குறை. ஆனால் கூடாமல் நின்றுவிட்ட எலும்பு தானாகக் கூடுவது அரிது. கூடினால் எக்ஸ்ரேயில் கண்ணால் பார்க்கலாம். அந்தக் குறையையும் 2009இல் இத்தாலியின் ஆஞ்சலோ காக்கியோ குழு ஓரளவு நிரப்பியது. நீண்ட எலும்புகள் கூடாத 126 பேரை அவர்கள் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். இரண்டு குழுக்களுக்கு அலை, ஒன்றுக்கு அறுவைச் சிகிச்சை. ஆறு மாதத்தில் மூன்றிலுமே ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்கு எலும்பு கூடியிருந்தது. அறுவையின் பலனை அறுவையின்றிப் பெற முடிந்தது என்பது சிறிய செய்தி அன்று.

தசைநாணுக்கு அலை வந்தது 1990களின் தொடக்கத்தில். தோள்பட்டைத் தசைநாணில் சுண்ணாம்புப் படிவு சேர்ந்து கையைத் தூக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு இதைப் பயன்படுத்திய முதல் அனுபவங்களை 1993இல் மார்க்குஸ் லோவும் அவருடைய சக மருத்துவரும் வெளியிட்டார்கள். 1996இல் மைன்ஸ் நகரின் யான் ரோம்பே, டென்னிஸ் எல்போ எனப்படும் நாள்பட்ட முழங்கை வலியுள்ள 100 பேரிடம் நடத்திய ஆய்வில் நல்ல பலன் கண்டதாக எழுதினார். அதே ஆண்டுகளில் குதிகால் வலிக்கும் இது வந்துசேர்ந்தது. இந்த மூன்று பயணங்களுக்கும் பின்னால் இருந்த எண்ணம் சிறுநீரகக் கல்லிடமிருந்து கடன் வாங்கியது. தோளில் சுண்ணாம்பு இருக்கிறது, உடைப்போம். குதிகாலில் எலும்பு முள் வளர்ந்திருக்கிறது, உடைப்போம் என்பதே அது. கேட்பவர் மனத்தில் உடனே பதியும் விளக்கம், ஆனால் தவறானது. சிகிச்சைக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு முள் இருந்த இடத்திலேயே இருந்தது. வலி மட்டும் போயிருந்தது. எலும்பு முள் இருந்தும் ஒரு வலியும் இல்லாமல் நடமாடுவோர் ஏராளம். டென்னிஸ் எல்போவில் உடைக்கவே எதுவும் கிடையாது. தோள் சுண்ணாம்பு மறைந்தபோதும், கல்லைப் போல அந்தக் கணமே சிதறாமல், வாரங்களில், மாதங்களில் உடலே அதைக் கரைத்து உறிஞ்சிக்கொண்டது. கண்முன் இருந்த இந்தச் சான்றுகள் உடைக்கும் எண்ணத்தைக் கைவிடச் சொல்லியும், கருவி விற்பனை அந்த எண்ணத்தின் மேலேயே நடந்தது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் மருத்துவமனைகள் கருவிகளை வாங்கின. 2000 அக்டோபரில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒப்புதல் அமைப்பான எஃப்.டி.ஏ. குதிகால் வலிக்கு ஆஸாட்ரான் என்ற கருவியை அனுமதித்தது. 2002 ஜனவரியில் டோர்னியரின் எபோஸ் அல்ட்ராவுக்கும் அனுமதி கிடைத்தது.

இதே காலத்தில் தசைநாண் நோயைப் பற்றிய அறிவும் மாறிக்கொண்டிருந்தது. நாள்பட்டு வலிக்கும் தசைநாணை அறுவையின்போது எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், எதிர்பார்த்த அழற்சிச் செல்களை அங்கே பெரும்பாலும் காணவில்லை. வரிசையாக அடுக்கியிருக்க வேண்டிய கொலாஜன் இழைகள் குலைந்து கிடந்தன. தாறுமாறாகப் புது இரத்தக் குழாய்களும் அவற்றோடு நரம்பிழைகளும் நுழைந்திருந்தன. குணமாகத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன திசு அது. அழற்சியை அடக்கும் மாத்திரையும் ஊசியும் நெடுநாள் பலன் தராமல் போவதை இது விளக்கியது. 1998இல் சுவீடனின் ஹோகான் ஆல்ஃப்ரெட்சன், குதிகாலுக்கு மேலே உள்ள அக்கிலஸ் தசைநாண் வலித்த 15 ஓட்டக்காரர்களுக்கு 12 வாரப் பயிற்சி கொடுத்தார். படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்கும் பயிற்சி, நாளொன்றுக்கு 180 முறை. வலித்தாலும் தொடரச் சொன்னார். பதினைந்து பேரும் மீண்டும் ஓடினார்கள். தசைநாணுக்கு ஓய்வைவிட அளவறிந்த சுமையே மருந்து என்ற கருத்து இங்கிருந்து வலுப்பெற்றது. அதிர்வலையின் பின்னாளைய கதை முழுவதும் இந்தக் கருத்தோடு பிணைந்தது.

அடுத்து வந்தவை தோல்விகள். 2002இல் ஜெர்மனியின் மிஷாயெல் ஹாக்கே தலைமையில் பல மருத்துவமனைகள் சேர்ந்து டென்னிஸ் எல்போ உள்ள 272 பேரிடம் ஆய்வு நடத்தின. பாதிப் பேருக்கு உண்மையான அலை. மறுபாதிக்குச் சத்தம் மட்டும் கேட்கும், அலை உடலில் ஏறாத போலிச் சிகிச்சை. தனக்குக் கிடைத்தது எது என்று நோயாளிக்குத் தெரியாது. 12 வாரம் கழித்துக் கணக்கிட்டால் அலைக் குழுவில் 25.8 சதவீதம் பேருக்கு வெற்றி. போலிக் குழுவில் 25.4 சதவீதம். அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் ரேச்சல் புக்பைண்டர் குதிகால் வலியுள்ள 166 பேரிடம் நடத்திய ஆய்வும் வேறுபாடு எதையும் காணவில்லை. 2003இல் ஹாக்கே குழு குதிகாலுக்கும் 272 பேரைச் சேர்த்தது. அலைக்கு 34 சதவீத வெற்றி, போலிக்கு 30. இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2005இல் டென்னிஸ் எல்போ ஆய்வுகள் ஒன்பதையும், அவற்றில் பங்கேற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் அறிக்கை, பலன் சிறிதளவே அல்லது இல்லவே இல்லை என்று தீர்ப்பளித்தது. பத்தாண்டுப் புகழுக்குப் பிறகு இது பலத்த அடி. மருத்துவ உலகம் இரண்டு அணிகளாகப் பிரிந்தது. ஒரு தரப்பு எல்லாமே மருந்துப்போலியின் மாயம் என்று கோப்பை மூடியது. மறுதரப்பு ஆய்வுகளில் குறை என்று முகம் திருப்பிக்கொண்டது. இரண்டு தரப்புமே அந்த ஆய்வுகள் சொன்னதை முழுமையாகக் கேட்கவில்லை.

தோற்ற ஆய்வுகளை நிதானமாகப் படித்தால், அவை எதைச் சோதித்தன என்பது தெளிவாகும். ஹாக்கேயின் இரண்டு ஆய்வுகளிலும் அலை கொடுப்பதற்கு முன் அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போடப்பட்டது. நோயாளிக்கு உண்மையும் போலியும் தெரியாமல் இருக்க அது வசதி. ஆனால் எங்கே அதிகம் வலிக்கிறது என்று நோயாளி சொல்லி அந்தப் புள்ளியில் அலையைக் குவிக்கும் வாய்ப்பு அதனால் போய்விட்டது. நரம்பு முனைகளும் செயலிழந்து கிடந்தன. குதிகால் ஆய்வில் பயன்பட்ட ஆற்றல் சதுர மில்லிமீட்டருக்கு 0.08 மில்லிஜூல், இந்தச் சிகிச்சையின் அளவுகோலில் கீழ்ப்படி. புக்பைண்டரின் ஆய்வில் அல்ட்ராசவுண்டில் பாதத்தின் அடிச்சவ்வு தடித்துத் தெரிந்த இடத்தைக் குறிவைத்தார்கள்; அது வலிக்கும் இடமாகவே இருக்கும் என்ற கட்டாயம் இல்லை. ஆறு வாரமே வலித்தவர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். குதிகால் வலி பலருக்குத் தானாகவே குறையக்கூடியது. அப்படிப்பட்டவர்கள் மிகுந்த குழுவில் எந்தச் சிகிச்சையும் தன் வேறுபாட்டைக் காட்டுவது கடினம். ஆகவே இந்த மூன்று ஆய்வுகளும் 'குறைந்த ஆற்றலில், மரத்துப்போன இடத்தில், அல்லது வலிப்புள்ளியைக் கேட்காமல், தொடக்க நிலை நோயாளிகளையும் சேர்த்துக் கொடுத்தால் அலை பயன்படாது' என்று சொல்லின. அந்த வரம்புக்குள் அவை முற்றிலும் உண்மை. அவ்வளவு கறாராக அவை நடத்தப்பட்டிருக்காவிட்டால் எந்தெந்த நிபந்தனை முக்கியம் என்று யாரும் தேடப் போயிருக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு தடை எழும், எழுவதுதான் நியாயம். தோற்ற பிறகு காரணம் கண்டுபிடிப்பது யாருக்கும் எளிது, எந்தப் பயனற்ற மருந்தையும் இப்படிக் காப்பாற்றிவிடலாமே என்று கேட்கலாம். இதற்கு ஒரே நேர்மையான பதில், அந்தக் காரணத்தைத் தனியே எடுத்து மறுபடி சோதிப்பது. அது நடந்தது. 2005இல் ரோம்பே குழு குதிகால் வலியுள்ளவர்களுக்கு ஒரே அளவு அலையை, ஒரு பாதிக்கு மரப்பு ஊசியோடும் மறுபாதிக்கு ஊசியின்றியும் கொடுத்தது. ஊசியில்லாத குழுவின் பலன் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. 2011இல் மைன்ஸ் ஆய்வாளர்கள், தோலை மரக்கச் செய்தால் வலியுணர் நரம்புகளின் மேல் அலைக்குள்ள விளைவு தடைபடுகிறது என்று காட்டினார்கள். ஆற்றலின் அளவு பற்றிய சான்று இன்னும் தெளிவு. 2003இல் லுட்கர் கெர்டெஸ்மையர் தலைமையில் தோள் சுண்ணாம்பு உள்ள 144 பேர் மூன்று குழுக்களாகச் சிகிச்சை பெற்றார்கள்: 0.32 மில்லிஜூல், 0.08 மில்லிஜூல், போலி. ஆறு மாதத்தில் தோளின் இயக்கத்தை அளக்கும் மதிப்பெண் முதல் குழுவில் 31 புள்ளிகள் உயர்ந்தது, இரண்டாவதில் 15, மூன்றாவதில் 6.6. அளவு கூடப் பலன் கூடுவது மருந்துப்போலியின் குணம் அன்று. பிறகு 2015இல் ஹான்ஸ் கோல்விட்சர் குழு, பல மாதங்களாகக் குதிகால் வலித்து வேறு சிகிச்சைகளில் குணமாகாத 250 பேருக்கு, மரப்பு ஊசியின்றி, போதிய ஆற்றலில் அலை கொடுத்தது. வலி மதிப்பெண் அலைக் குழுவில் 69.2 சதவீதம் குறைந்தது, போலிக் குழுவில் 34.5. முந்தைய தோல்விகள் சுட்டிக்காட்டிய நிபந்தனைகளைச் சரிசெய்தபோது முடிவும் மாறியது. இதைப் பின்னாளைய சாக்கு என்று தள்ளிவிட முடியாது.

அளவு கூடினால் பலன் கூடும் என்பதற்கு எல்லை உண்டு. அதையும் ஆய்வுகள்தாம் சொல்லின. 1998இல் ரோம்பே குழு முயல்களின் அக்கிலஸ் தசைநாணில் வெவ்வேறு ஆற்றலைச் செலுத்திப் பார்த்தது. 0.60 மில்லிஜூலில் தசைநாணைச் சுற்றி வீக்கமும் திசுச் சிதைவும் தென்பட்டன. தசைநாணுக்கு 0.28ஐத் தாண்ட வேண்டாம் என்று அவர்கள் எச்சரித்தார்கள். 2005இல் இங்கிலாந்தில் அக்கிலஸ் வலிக்கு நடந்த ஒரு சிறிய ஆய்வு பலனைக் காணவில்லை. அதோடு, சிகிச்சை பெற்ற வயது முதிர்ந்த இருவருக்குத் தசைநாண் அறுந்தது. நுரையீரல் போல் காற்று நிறைந்த உறுப்பை அலை கிழித்துவிடும் என்பது டோர்னியர் காலத்து விலங்கு ஆய்வுகளிலேயே தெரிந்த செய்தி. ஆக, இது தடவிவிடும் களிம்பைப் போல எங்கும் எப்படியும் கொடுக்கத்தக்க சிகிச்சை அன்று. மருந்துக்கு உள்ளது போலவே இதற்கும் அளவு உண்டு, இடம் உண்டு, கொடுக்கக் கூடாத உடல்நிலை உண்டு. கர்ப்பிணிகள், அலை பாயும் இடத்தில் புற்றுக்கட்டி உள்ளவர்கள், இரத்தம் உறையாத நோயுள்ளவர்கள் ஆகியோருக்கும், வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகள் அருகிலும் எச்சரிக்கை வேண்டும் என்பது இந்தத் துறையின் வழிகாட்டுதல்களே சொல்வது.

உடைக்காத அலை திசுவில் என்னதான் செய்கிறது? குவிக்கப்பட்ட அலை ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் பல மெகாபாஸ்கல் அழுத்தத்துக்கு ஏறி, உடனே எதிர்மறை அழுத்தமாக இறங்குகிறது. அந்த இழுபறியைச் செல்கள் உணர்ந்து, அதைத் தமக்குரிய வேதிச் செய்தியாக மாற்றிக்கொள்கின்றன. 2003இல் தைவானின் காவ்ஷியுங் நகர ஆய்வாளர் சிங்-ஜென் வாங்கின் குழு, முயல்களில் தசைநாண் எலும்போடு சேரும் இடத்தில் அலைக்குப் பிறகு புது இரத்தக் குழாய்கள் முளைப்பதையும், அவற்றைத் தூண்டும் புரதங்கள் பெருகுவதையும் காட்டியது. எலித் தோலில் அலை பட்ட இடத்தில் வலி கடத்தும் நரம்பிழைகள் சிறிது காலம் குறைவதை ஜப்பானிய ஆய்வு கண்டது. பாதியில் நின்ற குணமாகும் வேலையை அலை மறுபடி தொடங்கிவைக்கிறது என்ற விளக்கம் இந்தச் சான்றுகளிலிருந்து பிறந்தது. இதற்கும் வலுவான மறுப்பு உண்டு. நோயுற்ற தசைநாணில் ஏற்கெனவே வேண்டாத இரத்தக் குழாய்கள் நுழைந்திருக்கின்றன. அவற்றை ஊசியால் அழித்தே வலி குறைத்தவர் ஆல்ஃப்ரெட்சன். அப்படியிருக்க மேலும் குழாய் முளைத்தால் நன்மை எப்படி வரும்? முயலின் நலமான தசைநாணில் கண்டதை மனிதரின் நோயுற்ற தசைநாணுக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. என் கருத்தில் இந்த மறுப்பு சரி. ஆனால் அது விளக்கத்தைத்தான் அசைக்கிறது. கெர்டெஸ்மையரும் கோல்விட்சரும் நோயாளிகளிடம் அளந்த வேறுபாட்டை அசைக்கவில்லை. விளக்கம் ஐயத்துக்குரியதாக இருக்கும்போது அதை முடிந்த முடிவாக விளம்பரப்படுத்துவதைத்தான் கண்டிக்க வேண்டும்.

அலை தனியாக எவ்வளவு செய்யும், பயிற்சியோடு சேர்ந்தால் எவ்வளவு செய்யும் என்ற கேள்விக்கு அக்கிலஸ் ஆய்வுகள் அழகாகப் பதில் சொல்கின்றன. 2007இல் ரோம்பே குழு, தசைநாணின் நடுப்பகுதி வலித்த 75 பேரை மூன்றாகப் பிரித்தது. ஆல்ஃப்ரெட்சன் பயிற்சி செய்தவர்களில் 60 சதவீதமும், அலை பெற்றவர்களில் 52 சதவீதமும், காத்திருக்கச் சொல்லப்பட்டவர்களில் 24 சதவீதமும் நன்கு தேறினார்கள். அதாவது செலவில்லாத பயிற்சிக்குக் கருவி தோற்காவிட்டாலும் வெல்லவில்லை. 2009இல் 68 பேரிடம் பயிற்சி மட்டும், பயிற்சியோடு அலை என்று ஒப்பிட்டபோது முதல் குழுவில் 56 சதவீதமும் இரண்டாவதில் 82 சதவீதமும் தேறினார்கள். தசைநாண் குதிகால் எலும்போடு சேரும் இடத்தில் வலித்த 50 பேரிடம் 2008இல் நடந்த ஆய்வில் கதை வேறு: பயிற்சிக்கு 28, அலைக்கு 64. ஒரே தசைநாணில் சில சென்டிமீட்டர் தள்ளிப் போனால் பொருத்தமான சிகிச்சை மாறிவிடுகிறது. இந்த ஆய்வுகள் ஒரே குழுவிடமிருந்து வந்தவை என்ற குறையையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் 2011இல் நெதர்லாந்தின் யோஹன்னஸ் ஸ்வெர்வர் செய்தது கவனிக்கத்தக்கது. முழங்கால் சில்லுக்குக் கீழே தசைநாண் வலித்த 62 விளையாட்டு வீரர்களுக்கு, அவர்கள் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்த பருவத்திலேயே அலையோ போலிச் சிகிச்சையோ கொடுக்கப்பட்டது. வேறுபாடு இல்லை. தசைநாணைத் துன்புறுத்தும் சுமையை மாற்றாமல் மேலே அலையை மட்டும் செலுத்தினால் பலன் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வெற்றியும் கற்பித்திருக்க முடியாது.

வரலாற்றின் இந்தக் கட்டத்தில்தான் இன்று நம் ஊர்களின் பிசியோதெரபி நிலையங்களில் நாம் பார்க்கும் கருவி வருகிறது. 1990களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் நியோன் நகரைச் சேர்ந்த இ.எம்.எஸ். நிறுவனம் இன்னொரு வகையைக் கொண்டுவந்தது. குழாய்க்குள் அழுத்தமேற்றிய காற்று ஒரு சிறு உலோகத் துண்டைத் தள்ள, அது முனையில் மோத, அந்த மோதலின் அழுத்தம் தோல் வழியே பரவுகிறது. பழைய வகை அலை ஆழத்தில் ஒரு புள்ளியில் குவியும். இது தோலில் வலுவாகத் தொடங்கி உள்ளே போகப் போக மங்கும். அழுத்தம் ஏறும் வேகமும் உச்சமும் மிகக் குறைவு என்பதால், இயற்பியலின் கண்டிப்பான பொருளில் இது அதிர்வலையே அன்று, அழுத்த அலைதான். விலை குறைவு, மரப்பு ஊசி தேவையில்லை, இயக்குவது எளிது என்பதால் உலகெங்கும் பரவியது இதுவே. இதற்கும் சான்று உண்டு: குதிகால் வலிக்கு 2007இல் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது, மேலே சொன்ன ரோம்பேயின் அக்கிலஸ் ஆய்வுகளும் இவ்வகைக் கருவியால் நடந்தவையே. தவறு நிகழ்வது ஒரு வகைக்குக் கிடைத்த சான்றை மற்ற வகைக்கு எடுத்துக்கொள்ளும்போது. குவி அலையின் உயர் ஆற்றலில் தோள் சுண்ணாம்புக்குக் கிடைத்த முடிவைக் காட்டி, அழுத்த அலைக் கருவியால் எல்லாத் தோள் வலிக்கும் சிகிச்சை கொடுப்பது நேர்மையாகாது.

இது வலியை மரக்கச் செய்வதே தவிர வேறில்லை என்ற மறுப்பையும் எடுத்துக்கொள்வோம். குதிரைகளின் தசைநார்களுக்கும் 1990களிலிருந்து இந்தச் சிகிச்சை கொடுக்கப்படுகிறது. பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு போட்டிக்கு முந்தைய ஐந்து நாட்களிலும் போட்டி நடக்கும்போதும் இதைத் தடைசெய்கிறது. அலை சில நாட்களுக்கு வலியை மறைத்துவிடும், வலி தெரியாத குதிரை காயத்தோடு ஓடி எலும்பை முறித்துக்கொள்ளும் என்ற அச்சமே காரணம். ஆகவே மரக்கச் செய்யும் விளைவு உண்மை. ஆனால் அது நாட்கணக்கில் முடிவது. எலும்பு கூடுவதையும், ஆறு மாதம் கழித்தும் போலிக் குழுவோடு வேறுபாடு தொடர்வதையும் சில நாள் மரப்பால் விளக்க முடியாது. இந்த மறுப்பிலிருந்து மனிதர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடமும் உண்டு. அலை பெற்ற மறுநாள் வலி குறைந்தது என்று ஓடவோ பளு தூக்கவோ போவது ஆபத்து.

கடைசியாக, மிகக் கடுமையான மறுப்பு. சிகிச்சைகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009இல் குதிகால், அக்கிலஸ், டென்னிஸ் எல்போ மூன்றையும் ஆராய்ந்து, பாதுகாப்பில் பெரிய கவலை இல்லை, பலன் பற்றிய சான்றோ ஒன்றுக்கொன்று முரண்படுகிறது என்றது. 2020இல் தோள் தசைநாண் நோய்க்கான 32 ஆய்வுகளையும் 2281 நோயாளிகளையும் தொகுத்த காக்ரேன் அறிக்கை, சுண்ணாம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்க நன்மை மிகக் குறைவு என்றது. எஃப்.டி.ஏ. அனுமதிக்காக நடந்த ஆய்வுகள் கருவி தயாரித்தவர்களின் செலவில் நடந்தவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இவற்றை நான் எளிதாகக் கடந்து போகவில்லை. ஆனால் தொகுப்பு அறிக்கை வெவ்வேறு கருவி, வெவ்வேறு ஆற்றல், வெவ்வேறு நோய்நிலை எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கும்போது, பலன் தரும் அளவும் தராத அளவும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வணிகத்தோடு தொடர்பில்லாத ஓர் அமைப்பு குறிப்பிட்ட ஒரு நோயை மட்டும் எடுத்து ஆராய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியே சான்று. 1990களின் இறுதியில் எலும்பு, தசைநாண் நோய்களுக்கு இந்தச் சிகிச்சையைப் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கிவைத்த அதே நாடு, 2018இல் குதிகால் வலிக்கு மட்டும், அதுவும் குறைந்தது ஆறு மாதம் வேறு சிகிச்சைகளில் தீராத வலிக்கு மட்டும், காப்பீட்டில் சேர்க்க முடிவு செய்தது. அந்த 'மட்டும்' என்ற வரம்பு இருபதாண்டுத் தோல்விகளின் பரிசு.

ஆகவே என் தீர்ப்பு இது. கூடாத எலும்புக்கு அதிர்வலை அறுவைக்கு முன் எண்ணிப் பார்க்கத்தக்க மாற்று. பல மாதங்களாகத் தீராத குதிகால் வலிக்கும், எலும்போடு சேருமிடத்து அக்கிலஸ் வலிக்கும் தகுந்த அளவில் கொடுத்தால் பயன் உண்டு. தோள் சுண்ணாம்புக்கு உயர் ஆற்றல் குவி அலைக்கு ஆதரவான சான்று இருக்கிறது, சர்ச்சையும் இருக்கிறது. டென்னிஸ் எல்போவுக்குச் சான்று நலிவானது. சுண்ணாம்பு இல்லாத தோள் தசைநாண் வலிக்கு இதை நாட வேண்டியதில்லை. வலி தொடங்கிச் சில வாரங்களே ஆனவர்களுக்கு எந்த இடமானாலும் இது முதல் சிகிச்சை ஆகாது. சுமையைக் குறைப்பதும் பயிற்சியுமே முதல் சிகிச்சை. இந்தச் சிகிச்சையை உங்களுக்கு யாரேனும் பரிந்துரைத்தால் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். என் நோய் எது என்று உறுதியாகத் தெரியுமா? உங்கள் கருவி குவி அலையா, அழுத்த அலையா? எந்த ஆற்றலில், எத்தனை முறை? இதோடு நான் செய்ய வேண்டிய பயிற்சி எது? நான்காவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் உங்கள் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

(தொடரும்)